ரைன் நதியில் ஒரு டோல் சாவடி

"இடிஞ்ச சுவரைப் பார்க்கவாம்மா இவ்வளவு தூரம் ஃபிளைட்ல வந்தோம்?"

ஜெர்மனியின் பிங்கன் நகரில் ரயில் ஏறும்போது அப்பா இப்படிக் கேட்டார். பினாங்குக்கும் ஜொகூருக்கும் இடையே முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அம்மா போன பிறகு வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்தவரை நான்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தேன். வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை, சுமார் 65 கிலோமீட்டருக்கு ரைன் நதி மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுகிறது. இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே நாற்பது கோட்டைகள். 2002இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. படங்களில் பார்த்தபோது இளவரசிக் கதை மாதிரிதான் எனக்கும் தோன்றியது.

கௌப் என்ற ஊருக்கு எதிரே, நதியின் நடுவில், கப்பல் வடிவில் ஒரு வெள்ளைக் கோட்டை தெரிந்தது. பெயர் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன். பவேரிய மன்னர் லுட்விக் 1326-27இல் கட்டத் தொடங்கியது. எதற்கு? கப்பல்களை மறித்து வரி வாங்க. போப்பாண்டவர் எதிர்த்தார், மன்னர் கேட்கவில்லை. 1860கள் வரை அங்கே வசூல் நடந்தது.

"அப்ப இது டோல் சாவடி!" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

சாங்க்ட் கோவார் நிலையத்தில் இறங்கினோம். மேலே ரைன்ஃபெல்ஸ் கோட்டை. 1245இல் காட்சென்எல்ன்போகன் பிரபு ஒருவர் கட்டியது. அந்தக் குடும்பப் பெயர் ஜெர்மானியர் காதில் 'பூனையின் முழங்கை' என்று ஒலிக்குமாம்! பத்தே வருடத்தில் பிரபு சுங்கத்தை ஏற்றினார். வியாபாரிகள் கொதித்தார்கள். ரைன் நகரங்கள் 1254இல் அமைத்த கூட்டணி படை திரட்டி வந்து, ஓராண்டுக்கும் மேல் கோட்டையை முற்றுகையிட்டது.

"ஜெயிச்சாங்களா?"

"இல்லப்பா. திரும்பிப் போயிட்டாங்க."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு ஏறிக்கொண்டிருந்தார்.

மேலே போனால் பெரும்பகுதி இடிபாடுதான். கூரையில்லாத சுவர்கள், வானத்தைக் காட்டும் ஜன்னல்கள். அடியில் குனிந்து போக வேண்டிய இருட்டுச் சுரங்கங்கள் இருக்கின்றன. எதிரி நெருங்கி வந்தால் வெடிமருந்து வைத்துத் தகர்ப்பதற்காகத் தோண்டியவை. அப்பா கைத்தொலைபேசி விளக்கை அடித்தபடி எனக்கு முன்னால் போனார். அவர் எனக்கு முன்னால் நடந்து எத்தனை நாளாயிற்று!

1689இல் பிரெஞ்சுப் படைகள் இந்தக் கரையின் பல கோட்டைகளை அழித்தன. 1692 கடைசியில் மன்னர் பதினான்காம் லூயியின் படையினர் சுமார் 28,000 பேர் ரைன்ஃபெல்ஸைச் சூழ்ந்தும் பிடிக்க முடியவில்லை. ஆனால் 1794இல், பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்தபோது, சண்டையே இல்லாமல் சரணடைந்தது. அடுத்த சில வருடங்களில் பிரெஞ்சுக்காரர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உடைந்த கற்களைப் பிற்பாடு வேறு கோட்டை கட்டவும் எடுத்துப் போனார்கள்.

பக்கத்திலுள்ள சில கோட்டைகளை 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர்கள் புதுப்பித்தார்கள். எதிர்க்கரையில் தெரியும் காட்ஸ் கோட்டையும் 1806இல் தகர்க்கப்பட்டு, தொண்ணூறு வருடம் கழித்துத் திரும்பக் கட்டப்பட்டதுதான். பளபளவென்று அழகாக இருக்கிறது. எனக்கென்னவோ இந்த உடைந்த ரைன்ஃபெல்ஸ்தான் பிடித்தது. அடி வாங்கியதை மறைக்கவில்லை.

அப்பா ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கீழே போகும் சரக்குப் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "உங்க அம்மா பார்த்திருந்தா, துணி காயப்போட நல்ல இடம்னு சொல்லியிருப்பா" என்றார். இரண்டு வருடத்தில் அம்மாவைப் பற்றி அவராகப் பேசியது அன்றுதான். இருவரும் சிரித்தோம்.

மாலையில் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் நதியைக் கடக்கப் பாலமே கிடையாது, ஃபெரிதான். கட்டணத்துக்கு நான் பையைத் திறப்பதற்குள் அப்பா காசை நீட்டிவிட்டார். ரசீதைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இவங்க இன்னும் டோலை நிறுத்தல, பார்த்தியா?"