ரௌட்டருக்கு இரண்டு சாவி

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள். டி.வி.க்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டரைத் திருப்பிப் பார்ப்போம். அடியில் தூசியைத் துடைத்தால் ஒரு ஸ்டிக்கர். 192.168.1.1 என்று ஓர் எண். பல பெட்டிகளில் அதன் கீழேயே யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்.

"வைஃபை பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிட்டோமே?" என்பீர்கள். எல்லாருக்கும் வரும் குழப்பம் இதுதான். வைஃபை பாஸ்வேர்டு வாசல் சாவி. யார் உள்ளே வரலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்டிக்கரில் இருப்பது மெயின் போர்டு சாவி. அது கிடைத்தவர் வீட்டு வயரிங்கையே மாற்றலாம். முதல் சாவியை விருந்தாளிக்குக்கூட யோசித்துத்தான் கொடுக்கிறோம். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இதற்காகத் திருடன் நம் தெருவுக்கு வரவும் வேண்டாம். ரௌட்டரின் ஒரு முகம் நம் போனைப் பார்க்கிறது. மறுமுகம் உலகத்தைப் பார்க்கிறது.

வயரிங்கை மாற்றி என்ன செய்வான்? பேங்கின் பெயரை நாம் டைப் செய்கிறோம். அது எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. தெருமுனைக் கடையில் வழி கேட்பதுபோல, டி.என்.எஸ். சர்வர் என்ற கணினியிடம் கேட்கும். எந்தக் கடையில் கேட்பது என்று பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது ரௌட்டர்தான். அந்தக் கடையில் திருடனே உட்கார்ந்திருந்தால்? பிரேசிலில் 2011-ல் அப்படித்தான் 45 லட்சம் வீட்டு நெட் பெட்டிகளின், அதாவது மோடம்களின், செட்டிங் மாற்றப்பட்டது. சரியான பெயரை அடித்தவர்களுக்குப் போலிப் பக்கம் வந்தது. கம்ப்யூட்டரைத் துடைத்துப் பார்த்தும் பயனில்லை. கோளாறு பக்கத்திலிருந்த பெட்டியில். அந்த மோடம்களின் மென்பொருளில் ஓட்டை இருந்தது. அப்டேட் போட வேண்டும் என்பது இதனால்தான்.

ஓட்டையே இல்லாமலும் நுழையலாம். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனியில் போட்டுக்கொடுத்த அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளை முயன்று முயன்றே லட்சக்கணக்கான கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது.

இப்போது போனில் பிரௌசரைத் திறந்து ஸ்டிக்கரில் பார்த்த எண்ணை அடியுங்கள். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவோம். வெளியிலிருந்து ரௌட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் தேவையில்லை என்றால் அணைத்துவிடலாம். உள்ளே விடவில்லையா? நெட் போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். புது பாஸ்வேர்டைப் பால் கணக்கு டைரியில் எழுதி வைத்தாலும் பரவாயில்லை. வேறு தேசத்தில் இருப்பவன் அந்த டைரியைப் புரட்ட முடியாது.