நெருப்பைத் தாங்கும் தோல்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், சூடேறிய பாத்திரத்தில் சிறிது நவச்சாரத்தைத் தூவித் துடைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே நவச்சாரம், ஜெட் விமானத்தின் இயந்திரத்தைக் காக்கவும் உதவுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஜெட் இயந்திரத்தில் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு, டர்பைன் இதழ்களின்மீது மோதி அவற்றைச் சுழற்றுகிறது. இன்றைய பெரிய இயந்திரங்களில் இவ்வாயுவின் வெப்பநிலை 1500 டிகிரி செல்சியசுக்கும் மேல். இதழ்கள் ஆகிய நிக்கல் உலோகக் கலவையோ ஏறத்தாழ 1300 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். இதழின் உள்ளே அமைந்த நுண்வழிகளில் காற்றைச் செலுத்திக் குளிர்விப்பதால்தான் அது உருகாமல் நிற்கிறது.

உருகாவிட்டாலும் ஆபத்து நீங்கவில்லை. சூட்டில் ஆக்சிஜன் மேற்பரப்பை அரிக்கிறது. கடற்காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகப் படிந்து, அரிப்பை மேலும் விரைவாக்குகின்றன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் இதழ் ஒன்று மெலிந்து முறிந்தால், இயந்திரமே பழுதாகிவிடும்.

இதற்குக் காவல் அலுமினியம். இரும்புத் துருவைப்போல் அலுமினிய ஆக்சைடு உதிர்வதில்லை. மெல்லிய, இறுக்கமான படலமாகப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனைத் தடுக்கிறது. ஆனால் கலவை முழுவதிலும் அலுமினியத்தை மிகுதியாகச் சேர்த்தால் அது நொறுங்கும் தன்மை அடையும். எனவே மேற்பரப்பில் மட்டும் அலுமினியத்தை ஏற்றுகிறார்கள்.

எப்படி? அலுமினியத் தூளும் சிறிது நவச்சாரமும், தூள் கட்டிப்போகாமலிருக்க அலுமினிய ஆக்சைடுப் பொடியும் கலந்து, அதில் இதழ்களைப் புதைத்து, காற்றுப் படாமல் உலையில் பல மணி நேரம் சூடாக்குவார்கள். நவச்சாரம் சிதைந்து, அலுமினியத்துடன் வினைபுரிந்து, அலுமினியம் குளோரைடு ஆவியைத் தருகிறது. அந்த ஆவி இதழைத் தொட்டு அலுமினியத்தை அங்கே இறக்கிவிடுகிறது. அலுமினியம் நிக்கலுடன் கூடி நிக்கல் அலுமினைடு ஆகிறது. இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே! இது மேலே ஒட்டிய பூச்சு அன்று. உலோகத்திலேயே விளைந்த தோல். ஆக்சைடுப் படலம் ஓரிடத்தில் பெயர்ந்தால், அடியிலுள்ள அலுமினியம் புதுப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும்.

1970களில் நாசா ஆய்வாளர்கள், யிட்ரியா கலந்த சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருளையும் இதழ்களின்மேல் பூசிச் சோதித்தனர். அது வெப்பத்தை எளிதில் கடத்தாது; ஆகவே உலோகத்தின் சூடு குறைகிறது. ஆயினும் ஆக்சிஜன் அதனூடே புகுந்துவிடும். அடியில் அலுமினியம் செறிந்த ஓர் அடுக்கு இல்லாவிட்டால் பீங்கானே பெயர்ந்து விழும்.

அலுமினியமும் என்றென்றைக்கும் நீடிப்பதில்லை. ஒவ்வொரு முறை படலம் புதுப்பிக்கப்படும்போதும் சிறிது செலவாகிறது. ஆகவேதான் இதழ்களை உரிய காலத்தில் கழற்றிச் சோதித்து, பழைய தோலை நீக்கி, மீண்டும் பூசுகிறார்கள். பாத்திரத்தின் ஈயம் தேய்ந்ததும் நாம் மறுபடி பூசக் கொடுப்பதில்லையா? அதுபோலத்தான்!