ஒற்றைச் சம்பளம் – 9: லோன் மேசையில் எடுத்த முடிவு

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் பிரசவ விடுப்பு. 2017-இல் சட்டத்தைத் திருத்தியதால் கிடைத்தது. தமிழக அரசு ஊழியர் என்றால் 2021-லிருந்து முழுசாக ஒரு வருடம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆறு மாதத்தில்தான் பல வீடுகளில் வேலையை விடும் பேச்சு ஆரம்பிக்கிறது. குழந்தை அப்போதுதான் குப்புற விழுந்து, தவழப் பார்க்கும். பேறுகாலத்துக்கு வந்த அம்மா, "அங்க அப்பா தனியா கஷ்டப்படுறார்டி" என்று பையைக் கட்டத் தொடங்கியிருப்பார். விடுப்பு முடிய இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ராத்திரி, குழந்தை தூங்கிய பிறகு, நோட்டும் பேனாவும் வெளியே வரும்.

சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வருடம் 9 லட்சம், பிடித்தம் போகக் கைக்கு மாதம் 70,000. நோட்டின் தலையில் மனைவியின் சம்பளத்தை எழுதுவார்கள். கீழே வரிசையாகக் கழித்தல். டே-கேர் 12,000. ஆபீஸ் போய்வர 4,000. சமையல் அக்காவுக்கு 5,000. அலுத்துப்போய் ஆர்டர் பண்ணும் ராத்திரிச் சாப்பாடு, ஆபீஸ் உடுப்பு, மொய், பிறந்தநாள் கேக் வசூல் என்று இன்னொரு 5,000. ஆக 26,000. மீதி 44,000. "இந்த நாப்பத்திநாலுக்காகவா பிள்ளையை யார்கிட்டயோ விடணும்?" என்று கணவர் கேட்பார். சில வீடுகளில் மனைவியே கேட்பார்.

இந்தக் கணக்கில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். டே-கேர் பணம் ஏன் எப்போதும் மனைவியின் சம்பளத்திலிருந்தே கழிகிறது? பிள்ளை இருவருடையதுதானே? ஆளுக்குப் பாதி எழுதினால் நோட்டில் வரும் எண்ணே வேறு. ஐந்து வருட இன்க்ரிமென்ட்டும், கம்பெனி தன் பங்குக்குப் போடும் பி.எஃப். பணமும் இந்த நோட்டில் ஏறுவதே இல்லை. மனைவியின் சம்பளம் கூடுதலாக இருந்து, கணவர் வீட்டில் இருப்பதுதான் லாபம் என்று எண்கள் சொன்னாலும் பேச்சு அந்தப் பக்கம் போகாது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88. இப்படி இருக்கிற ஊரில் எந்த மாமியார், "மாப்பிள்ளை வீட்ல இருக்கட்டும், நீ போம்மா" என்பார்?

அதை விடுங்கள். இந்த வாரம் நான் சொல்ல வந்தது நோட்டைப் பற்றியே அல்ல. அந்த நோட்டு மிகவும் தாமதமாக வெளியே வருகிறது. வீட்டில் இருக்கலாமா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலான ஜோடிகள் மூன்று நான்கு வருடம் முன்பே, தமக்கே தெரியாமல், வீட்டுக்கடன் வாங்கிய மேசையில் முடிவு செய்து கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள்.

கல்யாணமான புதிதில் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். கேட்டது 35 லட்சமாகத்தான் இருக்கும். எதிரே இருப்பவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு நிமிர்வார். "சார், மேடம் சம்பளத்தையும் சேர்த்துட்டா அம்பது லட்சம் வரைக்கும் ஈஸியா எலிஜிபிலிட்டி வருது. டூ பெட்ரூம் எதுக்கு சார், த்ரீ பெட்ரூமே போயிடலாமே." அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு சம்பளம் இருபது வருடமும் வந்துகொண்டிருக்கும் என்பது மட்டும் அந்த கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அனுமானம். குழந்தை பற்றிய கட்டம் எதுவும் அந்த விண்ணப்பத்தில் கிடையாது.

50 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம். இஎம்ஐ 43,391 ரூபாய். இரண்டு சம்பளமும் வரும்போது இது வருமானத்தில் 31 சதவீதம், தாராளமாகத் தாங்கும். ஒருவர் நின்றால் அதே தொகை 62 சதவீதம். இப்போது நோட்டுக்குத் திரும்பிப் போய் அந்த 44,000-ஐப் பாருங்கள். மனைவி வேலைக்குப் போய் வீட்டுக்கு மிச்சமாகக் கொண்டுவருவது கிட்டத்தட்ட அச்சாக அந்த இஎம்ஐ. மூன்றாவது பெட்ரூமுக்கு மாதாமாதம் அவர்தான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"தவணைக் காலத்தை நீட்டிக்கொண்டால்?" என்று பலருக்கும் தோன்றும். 30 வருடமாக்கினால் இஎம்ஐ 38,446 ஆகும். மாதம் ஐயாயிரம்கூட முழுசாகக் குறையவில்லை. கட்டி முடிக்கும்போது மொத்தத்தில் 34 லட்சம் கூடுதலாகப் போயிருக்கும். இதைவிட மோசமான பேரத்தைக் கந்துவட்டிக்காரர்கூடக் கூச்சப்பட்டுத்தான் சொல்வார்.

பலன் தருவது வேறொன்று, ஆனால் அதைக் குழந்தைக்கு முன்பே தொடங்க வேண்டும். இரண்டு சம்பளம் வரும் இரண்டு வருடத்தில் மாதம் 40,000 ரூபாயை அசலில் கூடுதலாகக் கட்டினால், 24 மாதம் கழித்து 47.9 லட்சமாக நின்றிருக்க வேண்டிய பாக்கி 37.5 லட்சத்தில் நிற்கும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆனால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வங்கி பெரும்பாலும் தவணைக் காலத்தைக் குறைத்துவிட்டு இஎம்ஐயை அப்படியே வைத்துவிடும். பண ஆலோசனை எழுதுகிறவர்களும் அதைத்தான் சிலாகிப்பார்கள், வட்டி அதிகம் மிச்சமாகிறதே என்று. உங்கள் தேவை அது இல்லை. மிச்சமுள்ள 18 வருடத்தையும் வைத்துக்கொண்டு இஎம்ஐயைக் குறைத்துக் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். 34,000-க்கு இறங்கும். ஒரு சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. மீதி 36,000-இல் மூன்று பேர் சென்னையில் இருக்க முடியுமா? சொந்த வீடு என்பதால் முடியும். கஷ்டப்பட்டுத்தான் முடியும். கார் லோனும் கிரெடிட் கார்டு பாக்கியும் இருந்தால் முடியாது.

இந்த இரண்டு வருடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒற்றைச் சம்பளத்தில் வாழ்ந்து பழகிவிடுகிறீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் செலவைக் குறைக்கும் விஷயத்தில் பாக்கியசாலிகள். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வேறு ஏரியாவுக்கோ, முடிந்தால் திருச்சி பக்கமோ பெட்டியைக் கட்டிவிடலாம்.

வரி விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கணவன் மனைவி சேர்ந்து ஒரே கணக்குக் காட்டலாம். இங்கே ஆளுக்கொரு கணக்குதான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், ஆளுக்கு 9 லட்சம் சம்பாதிக்கும் ஜோடி கட்டும் வருமான வரி பூஜ்யம். அதே 18 லட்சத்தைக் கணவர் ஒருவரே சம்பாதித்தால் 1,50,800 ரூபாய். மனைவி வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் அவரால் இரவு பகலாக உழைத்து அந்தச் சம்பளத்தை எட்ட முடிந்தது என்றாலும் வரி அட்டவணைக்கு அது தெரியாது.

இதெல்லாம் ஓ.எம்.ஆர். கதை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு டே-கேருக்கும் வேலைக்கும் நடுவில் தேர்வு செய்யும் வசதியே இல்லை. அங்கன்வாடியில் சேர்ப்பது இரண்டு வயதுக்கு மேல். அதுவும் கம்பெனி ஷிப்ட் முடிவதற்கு வெகுநேரம் முன்பே மூடிவிடும். அதனால் அவர் வேலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். திண்ணையில் பனியன் கட்டு, கையில் சின்னக் கத்தரி, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். பிசிறு வெட்டுதல் என்பார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கத்தரிக்குக் கை நீட்டும் பிள்ளையை ஒரு காலால் தள்ளி உட்காரவைத்துக்கொண்டே வெட்டுவார். "வேலைக்குப் போகலியாக்கா?" என்று யாராவது கேட்டால், "இல்லை, வீட்லதான் இருக்கேன்" என்பார். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் இந்த மாதிரி வீட்டுக்குத்தான் போகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இந்த வீட்டில் கேட்பதில்லை.

திரும்ப நம் ஜோடிக்கு வருவோம். சம்பளம் நின்றாலும் கடனில் மனைவியும் கூட்டாளிதான். வங்கியைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்து ராஜினாமா செய்வதில்லை. ஆகவே பத்திரத்திலும் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடனில் மட்டும் பெயர் இருந்து கிரயப் பத்திரத்தில் இல்லாத பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உரிமை உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதை நம்பிப் பத்திரத்தில் பெயரை விட்டுவிடாதீர்கள். சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு மதியத்தில் முடிகிற வேலைக்குப் பிற்பாடு கோர்ட் படி ஏறுவானேன்?

சேமிப்பு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கணவர் கொடுத்த பணத்தை மனைவி தன் பெயரில் எஃப்.டி. போட்டால், அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். மனைவி பெயரில் பி.பி.எஃப். என்றால் அந்தத் தொல்லை இல்லை, அதன் வட்டிக்கு வரியே கிடையாது. வருடம் ஒன்றரை லட்சம் வரை போடலாம். முப்பத்தாறாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவர்களிடம் ஒன்றரை லட்சம் பேசினால் சிரிப்பார்கள். மாதம் இரண்டாயிரம் போடுங்கள். வீட்டுச் செலவுப் பணம் வேறு, இது வேறு. ஒன்றாம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவைத்துவிட்டால் யாரும் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம்.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. மனைவியின் ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் அவருடைய அப்பா அம்மாவும் இருப்பார்கள். வேலை போகும் நாளோடு அவர்களும் வெளியே. அறுபது வயதுக்கு மேல், சர்க்கரையோடு புது பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் புதிதாக ஓடும். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். பி.எஃப். கணக்கில் பென்ஷன் பங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடப் பணி சேர்ந்தால்தான் 58 வயதில் பென்ஷன். ஏழு வருடத்தில் வேலையை விடுபவர் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் ஏழு வருடமும் கணக்கிலிருந்து அழியும். எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், பிற்பாடு வேலைக்குப் போகும்போது எட்டிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.

அப்புறம் ரிலீவிங் லெட்டர். கடைசி நாள் பிரிவுபசார சமோசா சாப்பிட்டுக் கிளம்பும் அவசரத்தில் அதை மெயிலில் அனுப்புகிறோம் என்பார்கள். வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். அடுத்த வாரம், மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடப் போனவர்களிடம் இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று பார்க்கப்போகிறோம். அங்கே முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

(தொடரும்)