மோட்டார் சைக்கிளின் கழுத்து ஆடுகிறதா? நட்டை முறுக்கினால் மட்டும் போதாது!

தோட்டத்து மக்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. இன்னொரு ஜோடிக் கால். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும், பால் தோம்பை ஸ்டோரில் சேர்க்க வேண்டும், உதிரிப் பழ மூட்டையை ஏற்ற வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், நடுராத்திரியில் வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய மோட்டார்தான்.

எஞ்சின் நின்றுபோனால் அன்றைக்கே கவனிக்கிறோம். டயர் ஓட்டையானால் உடனே ஒட்டுகிறோம். ஆனால் ஹேண்டலைத் தாங்கி நிற்கும் கழுத்து தேய்ந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஏன் தெரியுமா? கழுத்து ஒரே நாளில் கெடுவதில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது, ஓட்டுகிறவர் கையும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகிவிடுகிறது. என்றைக்காவது ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போன இடத்தில், "தம்பி, ஹேண்டல் லேசா ஆடுது. அந்த நட்டைக் கொஞ்சம் முறுக்கி விட்டுடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுகிறோம். இந்த ஒரு முறுக்கில்தான் ஆபத்து இருக்கிறது.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

ஹோண்டா சி70 போன்ற பழைய கப்சாய் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1958-ல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்தக் குடும்பத்து வண்டிகள் 2017-க்குள் உலகத்தில் 10 கோடிக்கு மேல் தயாராகிவிட்டன. அதனால் பழைய வண்டியானாலும் சாமான் கிடைப்பது அவ்வளவு சிரமம் இல்லை.

வண்டிச் சட்டத்தின் முன்பக்கத்தில் ஒரு குட்டைக் குழாய் இருக்கும். முன் ஃபோர்க்கின் தண்டு அதற்குள் நுழைந்து நிற்கிறது. குழாயின் மேல் வாயில் ஒரு கிண்ணம், கீழ் வாயில் ஒரு கிண்ணம். தண்டின் அடியில் ஒரு வளையம், உச்சியில் மரையோடு ஒரு வளையம். கிண்ணத்துக்கும் வளையத்துக்கும் நடுவே சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் கிரீசில் கிடந்து உருளும். நாம் ஹேண்டலைத் திருப்பும்போது உருள்வது இந்தக் குண்டுகள்தான். கடையில் இதற்குக் "கோன் செட்" என்று பெயர்.

ஏன் தேய்கிறது?

சக்கரத்தில் உள்ள பேரிங் முழுச் சுற்றும் சுற்றுகிறது. கழுத்துப் பேரிங் அப்படியல்ல. நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் குண்டுகள் ஒரே இடத்திலேயே கிடக்கின்றன. மண்சடக்கின் ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு கல்லும், முன்சக்கரத்தின் வழியாக ஏறி அந்தக் குண்டுகளைச் சுத்தியல்போல அடிக்கிறது. குண்டு இருக்கும் இடத்தில் கிரீஸ் ஒதுங்கிவிடுகிறது. நாளடைவில் வளையத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் விழுகின்றன.

அதோடு தண்ணீர். மழையில் நனைவதும், சேறு போகட்டும் என்று ஹோஸ் பைப்பைக் கழுத்துக்கு நேராகப் பிடித்து அடிப்பதும் கிரீசைக் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு துரு பிடிக்கும். வண்டியை நன்றாகக் கழுவுங்கள், தவறில்லை. கழுத்தில் மட்டும் வேகமாக அடிக்காதீர்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்குங்கள். எக்சோஸ் குழாயில் பாரம் விழக்கூடாது. வீட்டில் ஒருவர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

முதலில், ஹேண்டலை ஒரே விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். வெண்ணெய்போல வழுக்கிப் போக வேண்டும். நேரான நிலை வரும்போது "கடக்" என்று ஓர் இடத்தில் உட்கார்ந்தால் வளையத்தில் குழி விழுந்துவிட்டது என்று பொருள். நறநற என்று உரசினால் துருவோ மண்ணோ உள்ளே இருக்கிறது.

இரண்டாவது, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். "டக் டக்" என்று ஆட்டம் தெரிந்தால் கழுத்து தளர்ந்திருக்கலாம். ஆனால் ஆட்டம் எல்லாமே கழுத்து ஆட்டம் அல்ல. சி70-ன் முன்சக்கரத்தைத் தாங்கும் சிறு கைகளின் புஷ் தேய்ந்தாலும், சக்கர பேரிங் தேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, கழுத்துக் குழாயும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் உங்கள் விரலை வையுங்கள். அந்த இடமே அசைந்தால் கோளாறு கழுத்தில்தான்.

முறுக்கினால் ஏன் போதாது?

இதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். குழி விழுந்தது நடுவில். இரண்டு ஓரமும் தேயாமல் இருக்கிறது. நடுவில் ஆட்டம் போகும்படி நட்டை முறுக்கினால், வளைவில் திரும்பும்போது ஹேண்டல் இறுகிக்கொள்ளும். வளைவில் இலகுவாக இருக்கும்படி தளர்த்தினால், நேரே போகும்போது ஆடும். எந்த ஸ்பேனராலும் இந்த இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியாது.

இரண்டு சக்கர வண்டி விழாமல் நிற்பதே, நமக்குத் தெரியாமலே நம் கை ஹேண்டலை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டிருப்பதால்தான். இறுகிய கழுத்து அந்தத் திருப்பத்தைத் தடுக்கும். மெதுவாகப் போகும்போது வண்டி குடித்தவன் நடைபோல அலையும். தளர்ந்த கழுத்தோ பிரேக் பிடிக்கும்போது அடிக்கும்; வேகத்தில் ஹேண்டலை உதற வைக்கும். பின்னால் இரண்டு பக்கமும் பால் தோம்பைக் கட்டினால் முன்பக்கம் இலேசாகிவிடுகிறது. அப்போது உதறல் இன்னும் மோசம். பின்னால் பாரத்துக்குப் பதிலாகப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றும் முறை

முழு கோன் செட்டாக வாங்குங்கள். புதுக் குண்டைப் பழைய வளையத்தில் போடுவது, கிழிந்த பாயில் புது விரிப்பு விரிப்பது போலத்தான். குழி அப்படியே இருக்கும். நல்ல கிரீஸ், மண்ணெண்ணெய், பழந்துணி, ஸ்பேனர்கள், சுத்தியல், நீளமான இரும்புக் கம்பி இவை போதும்.

பேட்டரி வயரை முதலில் கழற்றுங்கள். வண்டியைக் கட்டை வைத்து உறுதியாக நிறுத்தி, விழாதபடி கயிற்றாலும் கட்டுங்கள். முன்சக்கரம், பிரேக் கேபிள், மீட்டர் கேபிள், விளக்கு, ஹேண்டல் என்று வரிசையாகக் கழற்றுங்கள். எந்த வயர் எதோடு சேர்ந்தது என்று துணி கட்டியோ படம் பிடித்தோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி நட்டைக் கழற்றுமுன் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். ஒரு கையால் ஃபோர்க்கைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் மரை வளையத்தைக் கழற்றி மெதுவாக இறக்குங்கள். குண்டுகள் நெல் கொட்டுவதுபோலக் கொட்டும். மேல் குண்டையும் கீழ்க் குண்டையும் தனித்தனி டின்னில் போட்டு எண்ணி வையுங்கள். சில வண்டிகளில் மேலும் கீழும் அளவு வேறு. எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். ஆனால் முன்பு யாராவது குறைத்துப் போட்டிருக்கலாம். ஆகவே வண்டிப் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.

பழைய கிண்ணத்தை எடுக்க, குழாயின் எதிர்ப்பக்கம் வழியாகக் கம்பியை விட்டு இடம், வலம், முன், பின் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும். தண்டின் அடி வளையத்தை உளியால் சுற்றிலும் நெம்பிக் கிளப்ப வேண்டும். அதற்கடியில் உள்ள ரப்பரும் வாஷரும் எந்த வரிசையில் இருந்தன என்று கவனியுங்கள். இந்த எஃகு கடினமானது, அடிக்கும்போது சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். புதுக் கிண்ணங்களை முதல் நாள் இரவே ஐஸ் பெட்டியில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி எளிதாக இறங்கும். கிண்ணத்தின் மேல் மரக்கட்டையை வைத்து நேராகத் தட்டுங்கள். முழுக்க உட்கார்ந்ததும் சத்தம் மாறும், கெட்டியாகக் கேட்கும். அடி வளையத்தைத் தட்ட, அதன் உள் விளிம்பில் மட்டும் படுகிற குழாய் ஒன்றைப் பயன்படுத்துங்கள். குண்டு உருளும் பாதையில் ஓர் அடிகூட விழக்கூடாது.

இனி கிரீசைத் தாராளமாக அப்புங்கள். மேல் குண்டுகளை மேல் கிண்ணத்திலும், கீழ்க் குண்டுகளை அடி வளையத்திலும் ஒட்டி வைத்து, ஃபோர்க்கை நேராக மேலே ஏற்றுங்கள். ஒரு குண்டு நழுவினாலும் மறுபடி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

மரை வளையத்தைக் கொஞ்சம் அழுத்தமாக முறுக்கி, ஹேண்டல் பக்கத்தை இடமும் வலமும் பலமுறை திருப்புங்கள். குண்டுகள் தம் இடத்தில் உட்காரும். பிறகு கால் சுற்றுக்கு மேல் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஃபோர்க் தன் பாரத்தாலேயே இரு பக்கமும் சாய வேண்டும். முன்னும் பின்னும் அசைத்தால் துளி ஆட்டமும் இருக்கக்கூடாது. உச்சி நட்டை இறுக்கியபின் திரும்பவும் சோதியுங்கள். அந்த இறுக்கத்தில் கழுத்தும் சேர்ந்து இறுகுவது உண்டு. கேபிள்கள் எங்கும் இழுக்காமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

முதலில் பாரம் இல்லாமல், தோட்டத்துச் சடக்கில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை ஆட்டத்தைச் சோதியுங்கள். புதுச் செட் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.

பட்டறையில் கொடுத்தால்

நேரமோ சாமானோ இல்லாதவர்கள் பட்டறையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கேட்டுக் கொடுங்கள். "அண்ணே, குண்டு மட்டுமா, கிண்ணம் வளையம் எல்லாம் சேர்த்தா? பழைய சாமானை எனக்குக் கொடுத்துடுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பழைய வளையத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் குழியில் தடுக்கினால், உங்கள் காசு வீண் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். பழைய கிண்ணம் திரும்பி வரவில்லை என்றால், இன்னொரு முறை கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது உங்கள் உழைப்பின் காசு.

எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். வேலைக்கு ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். கழுத்து கெட்டால் வண்டி நிற்பதில்லை, நம்மையும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதை முதலில் கவனிக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்கி, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டலை ஒரே விரலால் திருப்பிப் பாருங்கள். உங்கள் வண்டியின் கழுத்து எப்படி இருக்கிறது என்று அந்த விரலே சொல்லிவிடும்.