அடைப்புக்குறி என்னும் வாசல்

தரவுத்தளத்தில் அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைத் தொகுத்து, ஒரு பெயர் சூட்டி, தரவுகளோடேயே வைத்திருக்கும் ஏற்பாடு 'ஸ்டோர்டு புரொசீஜர்', அதாவது சேமித்த செயல்முறை எனப்படும். எந்தச் செயல்முறை ஓட வேண்டும் என்பது பெரும்பாலும் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும்; ஆயினும் பயனர் தேர்ந்தெடுக்கும் அறிக்கைக்கேற்ப அதன் பெயரை ஓடும் நேரத்தில் பெற்று இயக்க வேண்டிய நிலையும் உண்டு.

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அர்ச்சனை செய்விப்பதோடு இதனை ஒப்பிடலாம். எந்தச் சன்னதி என்பது செயல்முறையின் பெயர். பக்தரின் பெயரும் நட்சத்திரமும் அதற்குத் தரப்படும் மதிப்புகள். வழிபாட்டின் முறையோ அர்ச்சகர் முன்பே அறிந்தது, பக்தர் சொல்லித் தர வேண்டியதன்று.

மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில், இவ்வாறு பெயரைப் பெற்று இயக்குவதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இயக்குக என்று பொருள்படும் 'எக்செக்' என்னும் கட்டளைக்குப் பின் ஒரு மாறியை, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயரை, அப்படியே எழுதினால் அதிலுள்ளது செயல்முறையின் பெயராக மட்டுமே கொள்ளப்படும். அதே மாறியை அடைப்புக்குறிக்குள் இட்டாலோ, உள்ளிருக்கும் எழுத்து முழுவதும் கட்டளையாகவே ஓடிவிடும். எடுத்துக்காட்டாக, நிலுவை அறிக்கைக்கான செயல்முறையின் பெயரை அடுத்து ஓர் அட்டவணையை அழிக்கும் வரியைத் தீயவர் ஒருவர் சேர்த்து அனுப்பினால், முதல் வடிவம் அப்படியொரு செயல்முறை இல்லை என்று பிழை காட்டி நின்றுவிட, இரண்டாம் வடிவம் அழிக்கும் வரியையும் நிறைவேற்றிவிடக்கூடும். தரவு கட்டளையாக மாறும் இவ்வகைத் தாக்குதலே 'எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன்' எனப்படுகிறது. இது 1998-லேயே வெளிப்படையாக விவரிக்கப்பட்டது.

முதல் வடிவமும் முழுக் காவலன்று. அனுமதியுள்ள எந்தச் செயல்முறையையும் அதன்வழி அழைக்க முடியும் என்பதால், அழைக்கத்தக்க பெயர்களை ஒரு பட்டியலில் வைத்து, வந்த பெயர் அதில் உண்டா என்று பார்த்த பின்னரே இயக்குதல் வேண்டும். மேலும், இவ்வாறு அழைக்கப்படும் செயல்முறைகள் நிரலில் பெயரளவிலும் தென்படாமையால், பயனற்றவை என்று கருதி அழிக்கப்படும் இடரும் உண்டு. அவை பயன்பாட்டில் உள்ளன என்பதற்கும் அப்பட்டியல் சான்றாக நிற்கும்.

நேரமில்லை என்று இச்சோதனையை விடுவது சிக்கனமன்று, பிறர் நம்பி ஒப்படைத்த தரவுகளைப் பூட்டின்றி விடுவதாகும். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் மண்ணிலிருந்து கணினித் துறைக்குச் செல்லும் இளையோர், பெயர்ப் பட்டியலை முதலில் எழுதி, அழைக்கும் வரியைப் பின்னர் எழுதப் பழகுவார்களாக.