ஷட்டர் வேகமும் காமிராத் தேர்வும்

மாத்திரை என்னும் கால அளவைத் தொல்காப்பியர் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் கொண்டு வரையறுத்தார். எழுத்தொலியை அளக்க அவ்வளவு போதும். காமிராவுக்கோ அது மிக நீண்ட காலம். கண் ஒரு முறை இமைக்க விநாடியில் பத்தில் ஒரு பங்கேனும் ஆகும். அதற்குள் ஓடும் சிறுவன் ஒரு முழத்திற்கு மேல் கடந்துவிடுவான். அவனைத் தெளிவாகப் படம்பிடிக்க அதனினும் நுண்ணிய காலக் கூறு வேண்டும். அக்கூற்றை அளந்து தருவதே ஷட்டர்.

பிலிம் காமிராக்களின்மேல் மீண்டும் ஆர்வம் பிறந்துள்ள இந்நாளில், பழைய இயந்திரக் காமிராக்களைத் தேடி வாங்குவோர் பலர். தோற்றத்தில் ஒத்த இரு காமிராக்கள் முன்னிருந்தால், வேக எண் பெரிதாக உள்ளதே மேலானது என்று கருதிக் கூடுதல் விலை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது சரிதானா?

நிக்கான் நிறுவனம் 1977இல் வெளியிட்ட எஃப்.எம்., 1982இல் வெளியிட்ட எஃப்.எம்.2 ஆகிய இரண்டும் இவ்வினாவுக்கு ஏற்ற சான்றுகள். இரண்டிலும் ஷட்டர் வில்விசையால் இயங்குகிறது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே பயன்படுகிறது. முன்னதன் உச்ச வேகம் விநாடியில் 1000இல் ஒரு பங்கு. பின்னதன் வேகம் 4000இல் ஒரு பங்கு. இந்த நான்கு மடங்கால் விளையும் பயன் யாது?

முதலாவது, இயக்கத்தை நிறுத்துதல். விநாடிக்கு 8 மீட்டர் ஓடும் மாணவன் ஒருவனை, 15 மீட்டர் தொலைவிலிருந்து 50 மில்லிமீட்டர் லென்ஸால், அவன் குறுக்கே ஓடும்போது படமெடுப்பதாகக் கொள்வோம். அவன் உருவம் பிலிமில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்காகச் சுருங்கும். 1000இல் ஒரு பங்கு விநாடியில் அவன் 8 மில்லிமீட்டர் நகர்வான். பிலிமில் அது 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. இயல்பான அளவுப் படத்தில் அம்மங்கலைக் கண் காணாது. ஆகவே பள்ளி ஓட்டப்பந்தயத்திற்கு எஃப்.எம். காமிராவே போதும்.

இரண்டாவது, மிகுந்த வெயில். ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 துவாரமும் 125இல் ஒரு பங்கு விநாடியும் பொருந்தும். முகத்தை மட்டும் தெளிவாகக் காட்டிப் பின்னணியை மங்கச் செய்யத் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும்; பெரிதாக்கும் ஒவ்வொரு படிக்கும் வேகத்தை இரட்டிக்க வேண்டும். இவ்வாறு எஃப்.எம். காமிரா எஃப் 5.6இல் நின்றுவிடும், எஃப்.எம்.2 காமிரா எஃப் 2.8 வரை செல்லும். இது உண்மையான நன்மைதான். ஆயினும் ஒளியை நான்கில் ஒன்றாகக் குறைக்கும் சாம்பல்நிற வடிகண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் பொருத்தினால், முன்னதும் அதே துவாரத்தை எட்டிவிடும்.

மூன்றாவது, பிளாஷ். வாங்குவோர் பெரும்பாலும் கவனியாத இதுவே மிக முக்கியமானது. இக்காமிராக்களின் ஷட்டரில் இரண்டு திரைகள் உள்ளன. முதல் திரை பிலிமைத் திறக்கும். இரண்டாவது அதனைத் தொடர்ந்து வந்து மூடும். வேகம் மிகும்போது முதல் திரை கடந்து முடிப்பதற்குள் இரண்டாவது புறப்பட்டுவிடும். பிலிமின்மீது ஒரு குறுகிய பிளவு மட்டுமே ஓடும். பிளாஷின் ஒளியோ கணத்தில் தோன்றி மறைவது. அப்போது பிளவு நிற்கும் பகுதியில் மட்டுமே அவ்வொளி படும். எனவே பிலிம் முழுவதும் ஒருசேரத் திறந்திருக்கும் வேகத்தில்தான் பிளாஷைப் பயன்படுத்த இயலும்.

அவ்வேகத்தின் எல்லை எஃப்.எம். காமிராவில் 125, எஃப்.எம்.2இன் தொடக்க வகையில் 200. 1984 முதல் வந்த வகையில் 250. பிற்பட்ட இவ்வகையை, பின்புறமுள்ள வரிசை எண்ணுக்கு முன் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து நிற்பதைக் கொண்டு அறியலாம். திரைகளைக் கனமின்றிச் செய்ததும் இவ்வேகத்திற்கு ஒரு காரணம்: தேன்கூட்டு வடிவம் பொறித்த மெல்லிய டைட்டேனியத் தகடுகள் முதலில் பயன்பட்டன, பின்னர் அலுமினியம் வந்தது.

வெயிலை முதுகில் தாங்கி நிற்கும் மாணவர்களின் இருண்ட முகங்களுக்குப் பிளாஷால் ஒளியூட்ட வேண்டும் எனக் கொள்வோம். முற்கூறிய பிலிமில் 125 வேகத்திற்கு எஃப் 16 வேண்டும். 250க்கு எஃப் 11 போதும். எஃப் 16இல் 3 மீட்டர் மட்டும் எட்டும் அதே பிளாஷ், எஃப் 11இல் 4 மீட்டருக்குச் சற்று மேலும் எட்டும். மூவரைப் படமெடுப்பதற்கும் ஒரு வகுப்பையே படமெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இதனை எந்த வடிகண்ணாடியாலும் ஈடுசெய்ய முடியாது.

இனி, முதுமையையும் எண்ண வேண்டும். எஃப்.எம்.2இன் உற்பத்தி 2001இல் நின்றுவிட்டது. காலத்தால் வில்லும் எண்ணெயும் தளரும்போது உயர் வேகங்களே முதலில் பிழைபடும். விநாடியில் 10,000இல் ஒரு பங்குப் பிழை, 250 வேகத்தில் நூற்றுக்கு இரண்டரை. 4000 வேகத்தில் நூற்றுக்கு நாற்பது! ஆகவே வட்டில் பொறித்த எண்ணை அப்படியே நம்பாமல், ஷட்டரை அளக்கும் கருவியுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது நன்று. ஒரு விநாடி வேகத்தில் வைத்து, ஷட்டரின் ஒலி தடுமாறாமல் முடிகிறதா எனக் காதாலும் தேரலாம்.

மற்றொன்று: 1977க்கு முற்பட்ட பழைய நிக்கான் லென்ஸ்களை வைத்திருப்போர்க்கு எஃப்.எம். காமிராவே ஏற்றது. அவற்றுக்கு இடையூறான சிறு நெம்பை அதில் மடக்கிக்கொள்ளலாம், எஃப்.எம்.2இல் அவ்வசதி இல்லை.

ஆகவே தெரிவு எளிது. பிளாஷை வெயிலில் பயன்படுத்துவோரும், பெரிய துவாரத்தை அடிக்கடி நாடுவோரும் எஃப்.எம்.2 வாங்கலாம், அவர் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. ஏனையோர் செம்மையாக இயங்கும் எஃப்.எம். காமிராவை வாங்கி, மிஞ்சிய பணத்தைப் பிலிமுக்குச் செலவிடுவதே அறிவுடைமை.