ஏப்பம் குறைந்த மந்தை



உங்கள் கொட்டகையில் மாடு இருந்தால், மாலையில் அது படுத்து அசைபோடும்போது சற்று உற்றுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் கழுத்தை நீட்டி ஏப்பம் விடும். அதில் கலந்து வருவது மீத்தேன் என்னும் வாயு. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டையில் குமிழ் குமிழாகக் கிளம்புகிறதே, அதிலும் இந்த வாயு இருக்கிறது. மாடு பின்பக்கமாக விடும் காற்றைச் சொல்லிச் சிலர் சிரிப்பார்கள். உண்மையில் மிகப் பெரும்பகுதி வாய் வழியாகவே வருகிறது.

இது எப்படி உண்டாகிறது? இட்லிக்கு அரைத்து வைத்த மாவு இரவில் பொங்குகிறது அல்லவா? மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரிய அறையில் நாள் முழுதும் அப்படியொரு புளிப்பு நடக்கிறது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரைக் கரைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. அப்போது மிஞ்சும் ஹைட்ரஜனை வேறொரு வகை நுண்ணுயிர், கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றுகிறது. மாடு அதை வெளியே தள்ளியே ஆகவேண்டும். தள்ள முடியாமற் போனால் வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும்.

இதனால் இரண்டு நட்டங்கள் உண்டு. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தேக்குகிறது. இது உலகத்துக்கு நட்டம். மாடு தின்ற தீனியின் சக்தியில் 2 முதல் 12 விழுக்காடு வரை மீத்தேனாகப் போய்விடுகிறது. இது மாட்டுக்காரருக்கு நட்டம். வெயிலில் நின்று அறுத்த புல்லில் ஒரு பங்கு, பாலாகவும் சேராமல் சதையாகவும் சேராமல் காற்றில் கலக்கிறது.

இதைப் பெரிய கவலையாக எடுத்துக்கொண்ட நாடு நியூசிலாந்து. ஆலைகள் குறைவு, ஆடுமாடுகள் மிகுதி. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறத்தாழப் பாதி அங்கே வேளாண்மையிலிருந்தே வருகிறது. அந்நாட்டு அக்ரிசர்ச் ஆய்வு நிலையத்தார் செம்மறி ஆடுகளைச் சோதித்தபோது ஒன்றைக் கண்டார்கள். ஒரே பட்டியில் ஒரே தீனி தின்றாலும் எல்லா ஆடுகளும் ஒரே அளவு மீத்தேன் விடுவதில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு குட்டிகளுக்கும் இறங்குகிறது. குறைவாக விடும் கிடாய்களைக் குறைவாக விடும் பெட்டைகளோடு சேர்த்து ஒரு மந்தையையும், மிகுதியாக விடுபவற்றைச் சேர்த்து இன்னொரு மந்தையையும் வளர்த்தார்கள். மூன்று தலைமுறைக்குப் பின், தின்ற தீனிக்கு விடும் மீத்தேனில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 13 விழுக்காடு வேறுபாடு இருந்தது.

காரணம் வயிற்றிலேயே இருந்தது. குறைவாக விடும் ஆட்டின் முதல் அறை சிறியது. தீனி அங்கே நெடுநேரம் தங்குவதில்லை. மீத்தேன் செய்யும் நுண்ணுயிருக்கு வேலையும் குறைகிறது. இந்த ஆடுகளின் உடலில் கொழுப்புச் சற்றுக் குறைவு. கம்பளியும் சற்றுக் கூடுதலாகவே தந்தன.

ஏப்பத்தை அளப்பது எப்படி என்று கேட்பீர்கள். வண்டியில் ஏற்றிய காற்றுப்புகாப் பெட்டிகளைப் பண்ணைக்கே கொண்டுபோகிறார்கள். ஆட்டை ஒரு மணிக்கும் குறைவான நேரம் உள்ளே நிறுத்தி, பெட்டியில் சேர்ந்த வாயுவை அளந்துவிட்டுப் பட்டிக்கு அனுப்புகிறார்கள். பசுவை இப்படி அடைப்பது எளிதல்ல. அதனால் கனடாவில் வேறு வழி கண்டார்கள். கறந்த பாலின் மாதிரியில் ஒருவகை ஒளியைச் செலுத்தி, அதன் சேர்க்கையிலிருந்து அந்தப் பசு விடும் மீத்தேனை மதிப்பிடுகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் அங்கே ஹோல்ஸ்டீன் இனத்துக்கு மீத்தேன் மதிப்பெண்ணும் தரப்படுகிறது. பாலைப் பார்த்து ஏப்பத்தைச் சொல்கிறார்களே என்று எனக்கு இன்னும் வியப்புத்தான்!

ஆனால் அவசரம் கூடாது. இனத்தேர்வினால் வரும் பலன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். வந்தது மறையாமல் அடுத்த தலைமுறையோடு சேர்ந்துகொண்டே போகும் என்பதே அதன் சிறப்பு. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரைப்பை சிறிதாகிக்கொண்டே போனால், சாலையோரத்து முரட்டுப் புல்லைத் தின்று வாழும் மாட்டின் கதி என்ன? மீத்தேன் ஒன்றையே பார்த்துத் தேர்வு செய்வது சரியல்ல என்பதே என் கருத்து. நியூசிலாந்திலும் வளர்ச்சி, கம்பளி, குட்டி ஈனும் திறன் எல்லாவற்றோடும் சேர்த்தே கிடாயை மதிப்பிடுகிறார்கள்.

நம் தோட்டங்களில் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கு ஏப்பப் பெட்டி தேவையில்லை. நாளுக்கு 4 லிட்டர் கறக்கும் இரண்டு மாடுகள் சேர்ந்து விடும் மீத்தேனைவிட, 8 லிட்டர் கறக்கும் ஒரு மாடு விடுவது குறைவு. இரண்டு உடம்பைக் காப்பாற்றத் தேவைப்படும் தீனி, ஒரு உடம்புக்குத் தேவைப்படாது அல்லவா? சினைப்படாமல் நிற்கும் மாடோ, ஒரு சொட்டுப் பால் தராமல் ஆண்டெல்லாம் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும். மாஃப்ரிவால் போன்ற கலப்பினமானாலும் நாட்டு மாடானாலும், சினை ஊசி போட வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இந்தக் காளையின் தாய் எவ்வளவு கறந்தது, இதன் கன்றுகள் நம் வெயிலைத் தாங்குமா, அவை காலத்தில் சினைப்படுகின்றனவா.